1963 இ-டைப்: எந்த மாற்றம் மதிப்பைக் குறைக்கும், எதைப் பழையபடி திருப்ப வேண்டும்?

மூன்றுகார்ப்:

1963 ஜாகுவார் இ-டைப் 3.8 லிட்டர் கூப்பே ஒன்றுக்குப் பேச்சு நடக்கிறது. பிளாக் நம்பர் இன்ஜின் பே தகட்டோடு ஒத்துப்போகிறது, சிலிண்டர் ஹெட் நம்பர் வேறு. தொழிற்சாலை போட்ட நான்கு கியர் "மாஸ்" கியர்பாக்ஸைக் கழற்றி ஐந்து கியர் பெட்டி போட்டிருக்கிறார்கள், பழையதும் கூடவே வருகிறது. டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். பின் வீல் ஆர்ச் இரண்டையும் வெட்டி அகலப்படுத்தி அகல டயர். தொழிற்சாலை நிறம் ஓபலசென்ட் சில்வர் ப்ளூ, இப்போது சிவப்பு. சீட் லெதர் பழசு, வெடித்திருக்கிறது, ஆனால் கிழியவில்லை.

இத்தனையையும் "அப்கிரேட்" என்று சொல்லி, செலவை எல்லாம் விலையில் ஏற்றியிருக்கிறார் விற்பவர். இதில் எது மதிப்பைக் கூட்டும், எது குறைக்கும்? திருப்புவதென்றால் எதிலிருந்து ஆரம்பிப்பது?

நம்பர்பார்ப்பவன்:

விலை பேசுமுன் நம்பர்களை முடித்துவிடுங்கள். தகட்டில் சேசிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் என நான்கு நம்பர் இருக்கும். தகட்டை மட்டும் நம்பாதீர்கள், புதுத் தகடு சுலபமாகக் கிடைக்கிறது. ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் சான்றிதழில் வண்டி தொழிற்சாலையை விட்டுப் போனபோது இருந்த நம்பரும் நிறமும் வரும். இப்போது வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அந்தக் காகிதம் பொறுப்பில்லை. அதை நாமேதான் விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் நம்பர் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலேயும், ஹெட்டின் முன்பக்கமும் அடிக்கப்பட்டிருக்கும். 3.8 இ-டைப் நம்பர் ஆர் அல்லது ஆர்ஏ என்று தொடங்கி 8 அல்லது 9 என்று முடியும், அந்தக் கடைசி எண் கம்ப்ரெஷன் விகிதம். உங்கள் ஹெட்டும் ஆர் என்று தொடங்கினால் அது இன்னொரு 3.8 இ-டைப்பிலிருந்து வந்தது, சிறு விலைக் கழிவோடு போய்விடும். அலுமினிய ஹெட் கூலன்ட் அரிப்பில் போவது இந்த இன்ஜினில் சகஜம், வாங்குபவர்களுக்கும் அது தெரியும். 7இ என்றால் பின்னால் வந்த 4.2 லிட்டர் இ-டைப்பின் ஹெட். எல் என்று தொடங்கினால் மார்க் 2 சலூனுடையது, அப்போது கழிவு பெரிது.

பிளாக்கில் எழுத்துகளைச் சுற்றி கிரைண்டர் கோடு தெரிகிறதா, ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, அச்சு வடிவம் ஹெட் எழுத்தோடு ஒக்கிறதா என்று பாருங்கள். திருப்பி அடித்த நம்பர் என்று சந்தேகம் வந்தாலே விலகிவிடுங்கள். நம்பர் ஒவ்வாத நேர்மையான இன்ஜினுக்கும் ஒரு விலை உண்டு, போலி நம்பர் அடித்த வண்டியில் அதன்பின் எந்தக் காகிதத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஸ்பானர்16:

விற்பவர் கணக்கு தலைகீழ். மாற்றத்துக்கு ஆன செலவு விலையில் ஏறாது. இதே நிலையிலுள்ள ஸ்டாண்டர்டு வண்டியின் விலையை எடுத்து, அதிலிருந்து திருப்பும் செலவைக் கழியுங்கள். போல்ட் கழற்றித் திருப்பக்கூடியது என்றால் கழிவு சிறிது. இரும்பை வெட்டியது என்றால் செலவு மட்டுமல்ல, வெட்டிய இடம் சரியாக வருமா என்ற சந்தேகத்துக்கும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.

ஐந்து கியர் பெட்டி முதல் வகை. மாஸ் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, அதனால் ஓட்டுவதற்கென்றே வாங்குபவர் இந்த மாற்றத்தை விரும்புவார். ஆனால் பழைய பெட்டி மட்டும் வந்தால் போதாது. பெல் ஹவுசிங், கிளட்ச் பிளேட், பின் மவுன்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் டிரைவ், கியர் லீவர் எல்லாம் வருகிறதா? ஒன்று குறைந்தாலும் திருப்பும்போது அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும். பெட்டி நம்பர் ஈபி என்று தொடங்கி ஜேஎஸ் என்று முடிந்து தகட்டோடு ஒக்க வேண்டும். பிறகு கன்சோலைக் கழற்றி டனலை (பெட்டிக்கு மேலே உள்ள தரை மேட்டை) பாருங்கள். புதுப் பெட்டிக்கு இடம் பண்ண சுத்தியல் அடித்திருந்தாலோ வெட்டியிருந்தாலோ அது இரண்டாம் வகைக்குப் போய்விட்டது.

எலக்ட்ரானிக் இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே இருந்தால் யாரும் பைசா கழிக்க மாட்டார்கள். பழைய பாயின்ட், கண்டென்சர், பேஸ் பிளேட்டை ஒரு பையில் போட்டு வையுங்கள். ஆல்டர்னேட்டரில்தான் சிக்கல். 3.8 பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேரும்; 4.2-இல்தான் தொழிற்சாலையே ஆல்டர்னேட்டரும் நெகட்டிவ் எர்த்தும் கொடுத்தது. உங்கள் வண்டியில் எர்த்தை மாற்றியிருந்தால் டாகோமீட்டருக்குள் (இன்ஜின் சுற்று காட்டும் மீட்டர்) உள்ள கடிகாரம் போயிருக்கலாம், ஏனென்றால் அது துருவம் பார்க்கும். அம்மீட்டர் வயரை மாற்றிக் கட்டாவிட்டால் முள் தலைகீழாகக் காட்டும். திரும்பப் பாசிட்டிவ் எர்த்துக்குப் போனால் இக்னிஷன் மாட்யூலையும் அதற்கேற்றதாக மாற்றுங்கள், தப்பான துருவத்தில் அது எரிந்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய கெடுதல் பலர் கவனிக்காதது: புது வயர் போக பல்க்ஹெட்டில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) துளை போடுவது, யுஎன்எஃப் (அங்குல அளவு) மரையைத் தட்டி மெட்ரிக் போல்ட் போடுவது. சின்ன வேலைதான், ஆனால் ஐந்தாறு சேர்ந்தால் வண்டியை யார் கையாண்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஈயமும்பட்டியும்:

வீல் ஆர்ச்தான் உங்கள் வண்டியின் பெரிய கழிவு. வெளி உதட்டை வெட்டிவிட்டால் பின் விங்கின் அந்தப் பகுதிக்குப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். உள்ளே உள்ள வளைவையும் வெட்டினார்களா என்று சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், அது பாடியின் பலத்தையே தொடுகிறது.

பெயின்ட் கனம் அளக்கும் கருவி எடுத்துப் போங்கள். வெறும் பெயின்ட் என்றால் 100 மைக்ரான் சுற்றி, மறுபடி அடித்தது 200 முதல் 300, பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) இருந்தால் 500-ஐத் தாண்டி ஓடும். ஒரு எச்சரிக்கை: இந்த பாடியின் இணைப்புகளில் தொழிற்சாலையே ஈயம் பூசியிருக்கிறது. அங்கே எண் ஏறினால் பட்டி என்று முடிவுகட்டாதீர்கள். இணைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளியும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

நிறத்தில் என் கருத்து கொஞ்சம் வேறு. சிவப்பு நன்றாக இருக்கிறது என்றால் அதை மட்டும் மாற்ற அவசரப்படாதீர்கள். முழுசாகக் கதவு, கண்ணாடி, ரப்பர் எல்லாம் கழற்றாமல் அடித்த ப்ளூ, நல்ல சிவப்பைவிடக் கேவலம். கதவிடுக்கிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் சிவப்பு எட்டிப் பார்க்கும். ஆர்ச் வெல்டிங் எப்படியும் பெயின்ட் வரை போகும், அப்போது சேர்த்துச் செய்யுங்கள்.

சீட் லெதரைத் தொடாதீர்கள், வெடிப்பு வெடிப்பாகவே இருக்கட்டும். 2024-இல் அமெரிக்காவின் பெபிள் பீச் பழைய கார் போட்டியில் 1934 புகாட்டி டைப் 59 ஒன்று, ரீஸ்டோர் செய்யாமல் காப்பாற்றிய பிரிவிலிருந்து வந்து மொத்தப் போட்டிக்குமான முதல் பரிசை எடுத்தது. முதல் தோலுக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது, புதுசு தைத்துவிட்டால் அது திரும்பாது.

மூன்றுகார்ப்:

மிக்க நன்றி. ஹெட் நம்பர் ஆர் என்றுதான் தொடங்குகிறது. ஒரு விஷயம் விட்டுப்போனது: முன் சப்ஃபிரேம் மாற்றியிருக்கிறார்களாம், வலதுபக்க டேம்பர் (ஷாக் அப்சார்பர்) மவுன்டிங்கில் சேசிஸ் நம்பரே இல்லை. இது வண்டியையே கெடுத்துவிடுமா?

நம்பர்பார்ப்பவன்:

அது மட்டுமே கெடுக்காது. இ-டைப்பின் முன் ஃபிரேம் போல்ட் போட்டு இணைத்தது. அதன் ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், பேட்டரி தட்டின் கீழ் ஆசிட் வடிந்தால் இன்னும் வேகம். துருப்பிடித்த குழாயை எம்ஐஜி வெல்டிங் போட்டு ஒட்டுவதைவிட மாற்றுவதே சரி, வெல்டிங் வெப்பம் பட்ட ஓரத்தில் விரிசல் விடும். நம்பர் வெறுமையாக இருப்பது, யாரோ புதுசாக அடித்து வைத்திருப்பதைவிட நல்ல அறிகுறி.

பழைய ஃபிரேமின் நம்பர் உள்ள துண்டு இருக்கிறதா, மாற்றும்போது எடுத்த படம் இருக்கிறதா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். துண்டு கையில் வந்தால் கழிவு கொஞ்சம்தான். ஒன்றுமே இல்லை என்றால் பாடி நம்பர் சான்றிதழோடு ஒக்க வேண்டும், அதுவும் ஒக்காவிட்டால் வாங்காதீர்கள்.

ஸ்பானர்16:

வரிசை: முதலில் எர்த்தும் டைனமோவும், அது ஒரு வாரக் கடைசி வேலை. அடுத்து ஆர்ச்சும் பெயின்ட்டும் ஒன்றாக. கியர்பாக்ஸை விற்கும் நாள் வரை விட்டுவிடுங்கள். மாஸ் பெட்டியில் ஆயில் நிரப்பி, துளைகளை அடைத்து, மாதம் ஒருமுறை ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் நம்பர் தெரியும்படி படமெடுத்து, தேதி எழுதி, பில்லோடு ஒரே கோப்பில் போடுங்கள். ஒப்புக்கொண்ட மதிப்பில் இன்ஷூரன்ஸ் எடுப்பதானால் ஐந்து கியர் மாற்றத்தையும் ஆல்டர்னேட்டரையும் அதில் எழுதிக் கொடுங்கள், மறைத்தால் கிளெய்ம் நிற்காது.