47 நட்சத்திரம் உள்ள பழைய அமெரிக்கக் கொடி: தயாரிப்புப் பிழையா?

கேள்வி: தைத்த பருத்திக் கொடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வரிசைக்கு 8 வீதம் 6 வரிசை, மொத்தம் 48 இருக்கவேண்டிய இடத்தில், கடைசி வரிசையில் 7 நட்சத்திரம்தான். தயாரிக்கும்போதே விட்டுப்போனதா, பிறகு பிரிந்து விழுந்ததா?

பதில் 1: நீலத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்க. நட்சத்திரம் இருந்து போயிருந்தால் ஐந்து முனைக்கும் ஊசித்துளை தெரியும், சுற்றிலும் வெளுத்திருக்க அந்த இடம் மட்டும் அடர்நீலமாக நிற்கும். இரண்டுமே இல்லையென்றால் பிழைக் கொடியாக இருக்க நல்ல வாய்ப்பு, விடாதீங்க!

பதில் 2: அவசரப்பட வேண்டாம். இந்தக் கொடியில் மாநிலத்துக்கு ஒரு நட்சத்திரம். 1912 ஜனவரி 6 அன்று நியூ மெக்சிகோ 47ஆவது மாநிலமானது, பிப்ரவரி 14 அன்றே அரிசோனாவும் 48ஆவதாகச் சேர்ந்துவிட்டது, அதனால் 47 நட்சத்திரக் கொடி அதிகாரபூர்வமாக வரவே இல்லை, ஆனாலும் சிலர் தைத்தார்கள். அந்த 7 நட்சத்திரமும் சம இடைவெளியில் பரவியிருந்தால் அது வேண்டுமென்றே தைத்தது. ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தால்தான் பிழை என்ற பேச்சே.

பதில் 3: அப்புறம், புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்க. நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் பிற்காலத்துத் தையல். பின்பக்கப் படம் தராத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.