புதுப்பிப்பு: ராஸ்பெரி பை சிறுகணினியில் 192 கிலோஹேர்ட்ஸ் பதிவு இடையில் அறுந்த சிக்கல் தீர்ந்தது

முல்லைத்தீவில் அண்ணாவியார் (கூத்து ஆசிரியர்) ஒருவர் பாடும் கூத்துப் பாடல்களை ராஸ்பெரி பை 4இல் 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸில் (நொடிக்கு 1,92,000 மாதிரிகள்) பதியும்போது, 'ஓவர்ரன்' (வரும் ஒலியை நேரத்துக்கு எடுத்து எழுத முடியவில்லை) என்ற செய்தி தோன்றி ஒலி அறுந்துபோவது ஏன் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

எழுதும்வரை ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் நினைவிடமான பஃபரைப் பெரிதாக்கியபோது அறுபடுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. எஸ்டி அட்டையை விட்டு, யூஎஸ்பி வழியே இணைத்த எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் எழுதும்படி ஒரு அண்ணா கூறியதே தீர்வாயிற்று. நேற்று மூன்று மணி நேரம் ஓர் அறுபடலும் இல்லாமல் பதிந்தேன். 24 பிட் ஒலியை 32 பிட் இடத்தில் வைத்து எழுதும் வடிவில் இரண்டு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 1.5 மெகாபைட் மட்டுமே எழுதப்படுவதால் அட்டையின் வேகம் தாராளமாகப் போதும் என்று நான் எண்ணியது தவறு. சராசரி வேகம் எவ்வளவு இருந்தாலும், அட்டை இடையில் ஒருமுறை நீண்ட நேரம் தாமதித்தால் பஃபர் நிரம்பி, அந்த நேரத்து ஒலி திரும்பக் கிடைக்காமல் போய்விடுகிறது.

எஸ்எஸ்டியை இணைத்ததும் குறைமின்னழுத்த எச்சரிக்கை வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது வரும் எச்சரிக்கை அது. சூரிய மின்தொகுதியிலிருந்து வந்த நீண்ட, மெல்லிய கேபிளுக்குப் பதிலாகக் குட்டையான, தடித்த கேபிளைப் போட்டதும் அது நின்றது.

நான் பதிவுக்குப் பயன்படுத்தும் ஏரெக்கார்ட் நிரல் வேவ் கோப்பை 2 ஜிகாபைட்டில் மூடிப் புதிய கோப்பைத் தொடங்குகிறது. இந்த அமைப்பில் அது சுமார் 23 நிமிடங்கள். விடிய விடிய நடக்கும் கூத்தைப் பதிவோர் கோப்புகளை வரிசைப்படி இணைக்க வேண்டும். குரலுக்கும் மத்தளத்துக்கும் 96 கிலோஹேர்ட்ஸே போதும் என்று பதிவுகளைக் கேட்டுப்பார்த்தபின் முடிவு செய்திருக்கிறேன். அதில் கோப்பின் அளவும் பாதியாகும்.