மறுமொழி: ஆன்டிஆக்சிடன்டுக்கு ‘எதிர்ப்பி’யா, ‘தணிப்பி’யா?

நண்பர்களுக்கு வணக்கம். ஆன்டிஆக்சிடன்டுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது. (உயிர்வளி என்றால் ஆக்சிஜன்.)

> ‘உயிர்வளி எதிர்ப்பி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. நல்ல தமிழாகவும் இருக்கிறது.

தமிழ் நல்ல தமிழ்தான் ஐயா, பொருள்தான் இடிக்கிறது. சேர்வராயன் மலையில் கிடைக்கும் கீரை, கிழங்கு, காட்டுப் பழங்களைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைவைப் படித்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “உயிர்வளியை எதிர்க்கும் என்றால் மூச்சுக்குக் கெடுதல் இல்லையா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்தச் சொல் யாரையும் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

ஆன்டிஆக்சிடன்டுகள் ஆக்சிஜனோடு சண்டைக்குப் போவதில்லை. இணை சேராத எலக்ட்ரானோடு அலையும் தனி உறுப்பு (ஃப்ரீ ராடிகல்) என்ற துகளுக்குத் தம்மிடமிருந்து ஒரு எலக்ட்ரானையோ ஹைட்ரஜன் அணுவையோ கொடுத்து அதை அடக்குகின்றன. கொடுத்த கையோடு தாமே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன, அதாவது எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ இழக்கின்றன. ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிபிபிஎச் என்பது இந்தச் சோதனைக்குப் பயன்படும் ஒரு தனி உறுப்பு; அதன் கரைசல் நல்ல ஊதா நிறம். அதில் நெல்லிச் சாறு கொஞ்சம் விட்டால் ஊதா மங்கி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து திறனைக் கணக்கிடுவார்கள். அந்த நிறம் இறங்குவதைப் பார்த்தபோதுதான் எனக்குத் ‘தணிதல்’ என்ற சொல் வந்தது.

ஆகவே என் முன்மொழிவு: ஆக்சிஜனேற்றத் தணிப்பி.

‘தடுப்பி’யும் மோசமில்லை. ஆனால் தடுப்பி என்றால் முழுக்க நின்றுவிடும் என்று தோன்றுகிறது. நல்லெண்ணெயைப் பாருங்கள். செசமோல் போன்ற பொருள்கள் இருப்பதால் அதில் ஆக்சிஜனேற்றம் மெதுவாக நடந்து, அது மெதுவாகக் காறுகிறது. காறவே காறாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் ‘காறல்’ என்ற அடுக்களைச் சொல்லை வைத்தே ‘காறல் தணிப்பி’ என்று ஆக்கலாமா என்றும் ஒரு வாரம் யோசித்தேன். எண்ணெய்க்கு அருமையாகப் பொருந்துகிறது. சுக்குட்டிக் கீரைக்கும் நாவல் பழத்துக்கும் ஒட்டவில்லை. (மணத்தக்காளியைத்தான் எங்கள் பக்கம் சுக்குட்டி என்போம்.)

இன்னொரு வசதி, எதிர்ச்சொல் தானாக அமைகிறது: ஆக்சிஜனேற்றத் தூண்டி. வைட்டமின் சி கூட இரும்பு அயனியோடு சேர்ந்தால் சோதனைக் குழாயில் தூண்டியாக மாறும். ‘எதிர்ப்பி’ என்று பெயர் வைத்துவிட்டால் இதை எப்படி விளக்குவது?

> சுருக்கமாகத் ‘தணிப்பி’ போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். ஏற்காட்டில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்கும் அம்மா ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “தணிப்புன்னா உடம்புச் சூட்டைத் தணிக்குமா கண்ணு?” என்றார். நம் ஊரில் தணிப்பது என்றாலே சூடுதான். ‘ஏற்றத்தணிப்பி’ என்றால் விலையேற்றம் நினைவுக்கு வருகிறது. எனவே சொல் நீண்டாலும் முழுதாகவே எழுத வேண்டும். நீளத்தைவிடத் தவறான பொருள் பெரிய தொல்லை.

அப்புறம் ஒரு ஐயம். ‘தணிப்பி’யா, ‘தணிப்பான்’ என்பதா? எனக்கு இகர ஈறே பிடிக்கிறது. வினையூக்கி, நிறங்காட்டி எல்லாம் அப்படித்தானே வருகின்றன. இலக்கணம் அறிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் நல்லது. திங்களன்று கையேடு அச்சுக்குப் போகிறது.