கேஸ் பில் இரண்டு மடங்கு. ஃபர்னஸை மாற்றிவிடலாமா?

புதுக்குடி:
இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இந்தத் தடவை கேஸ் பில் போன தடவையைப் போல இரண்டு மடங்கு, பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஏழு மாதக் குழந்தை இருப்பதால் வீட்டுச் சூட்டைக் குறைக்கவும் பயமாக இருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், தண்ணீரைச் சூடாக்கும் வாட்டர் ஹீட்டர் இரண்டுமே கேஸ், இரண்டுமே பழசு. ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினேன், ஃபர்னஸ் அறைக் கதவில் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டிருந்தார்கள், அதில் குளிர் வந்துகொண்டே இருந்தது, அதையும் போர்வையால் அடைத்துவிட்டேன். புது மாடல் போட்டால் எவ்வளவு மிச்சமாகும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வாடைக்காற்று:
முதலில் டேங்க் இல்லாத வாட்டர் ஹீட்டருக்கு மாறுங்கள். டேங்க் என்றால் நீங்கள் தூங்கும்போதும் அது தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டே இருக்கும், டேங்க் இல்லாததில் குழாயைத் திறந்தால்தான் அடுப்பே பற்றும். நான் வந்த முதல் குளிர்காலம் ஒரு நிலவறையில், ஜாக்கெட்டோடு படுத்து, காலையில் பச்சைத்தண்ணீரில் முகம் கழுவி வேலைக்குப் போனேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

மாடிவீடு:
அண்ணா, அது அவ்வளவு சுலபம் இல்லை. டேங்க் இல்லாதது ஒரே நேரத்தில் நிறைய கேஸ் இழுக்கும், பல வீடுகளில் கேஸ் குழாயையே பெரிதாக்க வேண்டிவரும், புகைக்குழாயும் புதிதாகப் போட வேண்டும். குளிர்காலத்தில் கேஸை அதிகம் தின்பது ஃபர்னஸ்தான். இரவில் போர்த்திக்கொண்டு, வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை நாலு டிகிரி இறக்குங்கள், வாட்டர் ஹீட்டரை 49 டிகிரி செல்சியஸில் வையுங்கள், போதும்.

வாடைக்காற்று:
49 வைக்காதீர்கள். அந்தச் சூட்டில், தண்ணீரில் வளர்ந்து நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி சாகாது, டேங்கில் 60 இருக்க வேண்டும்.

மாடிவீடு:
60 டிகிரி தண்ணீர் சில நொடியில் தோலைப் பொசுக்கிவிடும், அவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது! 60 வைத்தே ஆக வேண்டுமென்றால் வெளியே வரும் குழாயில், பச்சைத்தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வு போட்டுவிட்டு வைக்கட்டும்.

நாலாம்வருடம்:
எதைச் சொன்னாலும் வாடகை வீடாக இருந்தால் ஒன்றும் நடக்காது. மெஷின் வாங்குவது வீட்டுக்காரர், பில் கட்டுவது நாம், அப்புறம் அவர் ஏன் மாற்றப் போகிறார்? எங்கள் பழைய வீட்டில் இரண்டு குளிர்காலம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய் வீட்டையே மாற்றினோம்.

மாடிவீடு:
எங்களுக்கும் அதே கதைதான். கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள்.

நீலச்சுடர்:
எல்லோரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நான் பதினோரு வருடமாக இந்த மெஷின்களைத்தான் பழுது பார்க்கிறேன். தங்கச்சி, முதலில் போய் அந்தப் போர்வையை எடும்மா. அந்த இடைவெளி அடுப்பு எரியக் காற்று வரும் வழி. அதை அடைத்தால் கேஸ் அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வீட்டில் யாருக்காவது தலைவலி, குமட்டல் இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே போய் அவசர உதவிக்குக் கூப்பிடு. இல்லையென்றால் எனக்கு நாலு விஷயம் சொல். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? வாடகை வீடா? புகைக்குழாய் தகரமா, வெள்ளை பிளாஸ்டிக்கா? இரண்டு பில்லும் எத்தனை நாளுக்கு?

புதுக்குடி:
எடுத்துவிட்டேன் அண்ணா, கை இன்னும் நடுங்குகிறது. யாருக்கும் தலைவலி இல்லை. அலாரம் இல்லை. வாடகைதான். தகரக் குழாய். போன பில் 18 நாளுக்கு, இது 33 நாளுக்கு, இதை நான் கவனிக்கவே இல்லை. ஃபர்னஸுக்குள் போகும் காற்றில் தூசியைப் பிடிக்கும் ஃபில்டரை உருவிப் பார்த்தேன், கம்பளி மாதிரி சாம்பல் நிறத்தில் தூசி அடைந்திருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியவில்லை.

நீலச்சுடர்:
அப்படியென்றால் நாள் கணக்கில் நீ ஏறக்குறைய அதே அளவுதான் எரித்திருக்கிறாய். இன்றைக்கே அலாரம் வாங்கி, படுக்கும் அறைக்குப் பக்கத்தில் மாட்டு. அதே அளவில் புது ஃபில்டர் போட்டு மாதம் ஒரு தடவை எடுத்துப் பார். ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் இரண்டிலும் சுடர் நீலமாக இருக்க வேண்டும், மஞ்சளாக ஆடினால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடு. வாட்டர் ஹீட்டரிலிருந்து போகும் சுடுதண்ணீர்க் குழாயில் கை எட்டும் தூரம் வரை, சூடு வீணாகாமல் இருக்க நுரைக்குழாய் உறை மாட்டலாம், ஆனால் தகரப் புகைக்குழாய்ப் பக்கம் அது போகவே கூடாது.

மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். அடுப்பைப் பற்றவைக்கும் சின்ன பைலட் சுடர் எப்போதும் எரியும் பழைய ஃபர்னஸில் கேஸின் சூட்டில் 60 சதவீதம் வீட்டுக்கு வந்தாலே பெரிது, மிச்சம் புகையோடு போய்விடும். புகையில் இருக்கும் நீராவியைக் குளிர வைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் கண்டென்சிங் மாடலில் 90க்கு மேல் வரும், அதில் புகை ஆறிப்போவதால்தான் பிளாஸ்டிக் குழாயே போதுமாக இருக்கிறது. 60லிருந்து 95க்குப் போனால் அதே கதகதப்புக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேஸ் மிச்சம். ஆனால் ஃபர்னஸை மட்டும் மாற்றினால் இரண்டும் சேர்ந்து புகை விட்ட பழைய புகைபோக்கியில் வாட்டர் ஹீட்டர் தனியாக மாட்டிக்கொள்ளும், அதன் புகை சரியாக மேலே ஏறாது, எனவே வீட்டுக்காரரிடம் இரண்டையும் சேர்த்தே பேசு. மெஷின்மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து இங்கே போடு, எந்த வருடத்து மெஷின் என்று பார்த்துச் சொல்கிறேன், வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தில் அதையும் எழுதலாம்.

புதுக்குடி:
அலாரம் வாங்க இவர் கிளம்பிவிட்டார் அண்ணா. வந்ததும் தகட்டைப் படம் எடுத்துப் போடுகிறேன்.