கவினுக்கு வந்த சரக்கு விமான வேலை: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

கவின்: அனைவருக்கும் வணக்கம். ஒரு சரக்கு விமான நிறுவனத்திலிருந்து எனக்கு வேலைக்கான அழைப்பு வந்திருக்கிறது. இயக்கக் கட்டுப்பாட்டு மையம், விற்பனைப் பிரிவு ஆகிய இரண்டில் எதில் சேர விருப்பம் என்று கேட்டிருக்கிறார்கள். விமானி உரிமம் வாங்கியும் பறக்கும் வேலை அமையாத இந்த நிலையில், அலுவலக வேலையில் சேர்வது என்னை விமானி அறைக்கு அருகில் கொண்டு செல்லுமா, அதிலிருந்து விலக்கிவிடுமா என்று புரியவில்லை. விமானத் துறையில் இருக்கும் சித்தப்பாவும் விமானிப் பயிற்சி பெற்ற அக்காவும் வழி சொல்ல வேண்டும்.

அம்மா: உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு அவர்களே விமானியாக எடுத்துக்கொள்வார்கள் என்று இவனுடைய நண்பர்கள் சொல்கிறார்களாம். அது உண்மைதானா தம்பி?

சித்தப்பா: தானாக அப்படி நடப்பதில்லை அண்ணி. பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் விமானிகளுக்கென்று தனிப் பணிமூப்புப் பட்டியல் உண்டு. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ரோஸ்டர் (பணி நேர அட்டவணை) கிடைப்பது, எப்போது கேப்டன் ஆவது என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்தப் பட்டியலே முடிவு செய்கிறது. அது விமானியாகச் சேர்ந்த நாளிலிருந்து தொடங்குவதால், அலுவலகத்தில் பல ஆண்டுகள் உழைத்தவரும் அதில் கடைசிப் பெயராகத்தான் நுழைவார். மேசையில் உட்கார்ந்திருந்தால் பறந்த மணிநேரமும் அதிகரிக்காது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுகோலின்படி, கேப்டனுக்கு வேண்டிய உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். கவின் அதில் இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறான்.

பெரியப்பா: அப்படியானால் இது வெறும் எழுத்தர் வேலைதானா? பறப்பதற்குப் படித்த பையனை எதற்காக அங்கே அனுப்ப வேண்டும்?

சித்தப்பா: இல்லை அண்ணா, இயக்கக் கட்டுப்பாட்டு மையத்தை அப்படிச் சொல்லிவிட முடியாது. நான் செய்யும் டிஸ்பாட்சர் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வழித்தடத்தில் வானிலை எப்படி, எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும், இறங்க முடியாமல் போனால் எந்த விமான நிலையத்துக்குத் திருப்புவது என்பதையெல்லாம் விமானி வருவதற்கு முன்பே நாங்கள் கணக்கிட்டு வைக்கிறோம். அமெரிக்க விதிகளின்படி, அட்டவணைப்படி பறக்கும் பெரிய விமான நிறுவனங்களில் பயணத்தைத் திட்டமிடும் பொறுப்பும், தேவைப்பட்டால் அதைத் தாமதப்படுத்தும் பொறுப்பும் கேப்டனுக்கும் டிஸ்பாட்சருக்கும் கூட்டாகவே உண்டு. அதற்கென்று தனி உரிமத் தேர்வும் இருக்கிறது.

சித்தப்பா: பக்கத்து மேசையில் இருப்பவர்கள் லோட் பிளானர்கள். பாலட், அதாவது சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு, ஒவ்வொன்றின் எடையையும் பார்த்து, எது முன்னால், எது பின்னால் என்று அடுக்கி, விமானத்தின் எடை மையம் வரம்புக்குள் நிற்கும்படி லோட் ஷீட் தயாரிப்பார்கள். கதவு மூடும் நேரத்தில் ஒரு பாலட்டை இறக்கச் சொன்னால் முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். ஆபத்தான பொருள் ஏதேனும் ஏறினால், அது என்ன, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேப்டனுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். 2010-இல் லித்தியம் பேட்டரிகள் உள்ளிட்ட சரக்குடன் துபாயிலிருந்து புறப்பட்ட ஒரு போயிங் 747 சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2013-இல் ஆப்கானிஸ்தானின் பாக்ராமில், கனரக ராணுவ வாகனங்களை ஏற்றிய இன்னொரு 747 கிளம்பிய உடனேயே வாகனம் கட்டவிழ்ந்து பின்னால் நகர்ந்ததால் விழுந்தது. அதில் இருந்த 7 பேரும் இறந்தார்கள். சரக்கைக் கட்டுவதற்கு அந்த நிறுவனம் வகுத்திருந்த நடைமுறை போதுமானதாக இல்லை என்றே விசாரணை முடிவு சொன்னது. அந்த நடைமுறைகளை எழுதுவதும் திருத்துவதும் அலுவலகத்தில் இருப்பவர்கள்தான் என்பதால், இதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பொறுக்காது.

பெரியப்பா: சரி தம்பி, இப்போது புரிகிறது.

அக்கா: சித்தப்பா சொல்வது அனைத்தும் சரி. ஆனால் கவினின் உரிமத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மருத்துவச் சான்றையும், வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான கருவிவழிப் பறத்தல் தகுதியையும் காலாவதியாகாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கையின் பழக்கம். என்னோடு பயிற்சி பெற்ற ஒருவர் உரிமத்தைக் காகிதத்தில் மட்டும் உயிரோடு வைத்திருந்துவிட்டு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு தேர்வுக்கு வந்தார். கேள்விகளுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னவர், சிமுலேட்டரில் ஓர் என்ஜினை நிறுத்தியதும் திசையையும் வேகத்தையும் ஒருசேரக் காக்க முடியாமல் தடுமாறினார், தேர்வாகவில்லை. பறக்கும் பயிற்சியாளர் வேலையோ, சிறு விமானத்தில் பார்சல் கொண்டு செல்லும் வேலையோ கிடைக்குமானால், மணிநேரமும் கூடும், பழக்கமும் போகாது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் தேடச் சொல்வேன்.

கவின்: பயிற்சியாளர் தகுதிக்குத் தனியாகப் படித்துத் தேற வேண்டும் அக்கா. அதற்கான பணம் இப்போது கையில் இல்லை. இந்த வேலையில் சேர்ந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

அக்கா: அப்படி ஒரு கணக்கோடு சேர்வதானால் நான் தடை சொல்ல மாட்டேன். சம்பளத்தில் ஒரு பங்கைப் பறப்பதற்கென்றே முதல் மாதத்திலிருந்து ஒதுக்கிவிடு.

பெரியப்பா: சரக்கு விமானங்களில் விமானிகளின் எதிர்காலம் எப்படி இருக்கிறது? கொரோனா காலத்தில் ஆட்களை அள்ளி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேனே.

அக்கா: ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் துறை பெரியப்பா. உலகின் விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் போய்க்கொண்டிருந்தது. 2020-இல் அந்த விமானங்கள் தரையில் நின்றதும் சரக்கு விமானங்களுக்குக் கட்டணமும் கிராக்கியும் உச்சத்துக்குப் போயின. பயணிகள் திரும்பியதும் இரண்டும் இறங்கின, 2023-இல் அமெரிக்காவின் பெரிய பார்சல் நிறுவனங்களிலேயே விமானிகள் தேவைக்கு மேல் இருந்தார்கள். அதனால் இன்றைய நிலவரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நீண்ட காலத்துக்கு இணைய வணிகம் இந்தத் துறையைத் தாங்கும் என்றே நம்புகிறேன். பல நாடுகளில் விமான நிறுவன விமானிகள் 65 வயதில் விலக வேண்டும் என்பதால் மேலே இடங்களும் காலியாகிக்கொண்டே இருக்கும். ஆனால் இரவு வாழ்க்கைக்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டும். மாலையில் சேரும் பார்சலை நள்ளிரவில் பிரித்து விடியும் முன் கொண்டு சேர்ப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

சித்தப்பா: கட்டுப்பாட்டு மையத்துக்கும் அதே இரவுதான். அதில் ஒரு நன்மையும் உண்டு: ஷிப்ட் முறையில் வார நாள்களில் விடுமுறை கிடைக்கும், பறக்கும் பள்ளியில் அந்த நாள்களில் விமானம் எளிதாகக் கிடைக்கும். விற்பனைப் பிரிவும் நல்ல வேலைதான். ஆனால் விமானியாக வேண்டும் என்பவனுக்கு அதிலிருந்து கிடைப்பது குறைவு. என் மேசையில் ஓராண்டு இருந்தால் வானிலை அறிக்கையும் எரிபொருள் கணக்கும் உனக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிடும் கவின். நேர்முகத் தேர்வில் அது வெளிப்படும். எங்கள் மையத்திலிருந்து விமானியாகப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் வேலை பார்த்துக்கொண்டே வெளியில் பறந்து மணிநேரம் சேர்த்தவர்கள்.

அம்மா: கையெழுத்துப் போடுவதற்கு முன் அவன் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும், தம்பி?

சித்தப்பா: ஊழியர்கள் விமானியாக விண்ணப்பிக்க எழுத்தில் ஒரு வழிமுறை இருக்கிறதா, இருந்தால் குறைந்தபட்சம் எத்தனை மணிநேரம் கேட்கிறார்கள் என்று கேட்க வேண்டும் அண்ணி. வாய்மொழியாக 'பார்க்கலாம்' என்பதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயிற்சி தருவதற்காக, குறிப்பிட்ட காலம் வேலையை விட மாட்டேன் என்று ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்கினால், இடையில் பறக்கும் வேலை கிடைக்கும்போது அது அவன் காலைக் கட்டும், ஆகவே அதன் கால அளவைக் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும்.

கவின்: மிக்க நன்றி சித்தப்பா, நன்றி அக்கா. இயக்கக் கட்டுப்பாட்டு மையத்தையே தேர்ந்தெடுக்கிறேன். உள் விண்ணப்ப வழிமுறையையும் ஒப்பந்தப் பத்திரத்தையும் பற்றிக் கேட்டு இன்றைக்கே மின்னஞ்சல் எழுதுகிறேன்.

அக்கா: அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு முறை காட்டு. உன் மருத்துவச் சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பார்த்துச் சொல்.