சேற்று வயலில் சதுர வால் புழு: மண்புழுதானா?

கேள்வி:
கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நேற்று வரப்பு வெட்டும்போது தண்ணீர் நிற்கிற சேற்றுக்குள் ஒரு சாண் நீளப் புழு. முன்பக்கம் உருண்டை, வால் பக்கத்தை விரலில் உருட்டினால் நான்கு மூலை தட்டுகிறது. முன்பாதியில் இரண்டு பக்கமும் பாவாடைக் கரை மாதிரி மெல்லிய ஓரம். தண்ணீர் தேங்கினால் மண்புழு மேலே ஓடி வந்துவிடுமே? பக்கத்துத் தோட்டத்து மாமா குருணைப் பூச்சிமருந்து போடச் சொல்கிறார். போடலாங்களா?

பதில் 1:
மீன் தொட்டிக்கு வாங்குவோமே, டியூபிஃபெக்ஸ், அதுவா இருக்குமோ?

பதில் 2:
அது நூல் மாதிரி இருக்குங்க, சாணெல்லாம் வராது. அண்ணா, மருந்தை மூட்டையிலேயே வையுங்கள். அடையாளம் பார்த்தால் கிளிஃபிட்ரிலஸ் இனம் மாதிரி தெரிகிறது. பாதி நீர்வாழ் மண்புழு. நெல் வயல், ஓடைக்கரை, குளத்தோரச் சேறுதான் அதற்கு வீடு. அந்த ஓரத்தை இறக்கை என்பார்கள். முதிர்ந்த புழுவுக்குத்தான் இருக்கும். மூச்சு தோல் வழியாக. அதற்காகத்தான் தலையைச் சேற்றில் புதைத்து வாலை மேலே நீட்டிக்கொள்ளும். தின்பது மட்கியதையும் மண்ணையும்தான், உயிருள்ள வேரை அல்ல.

கேள்வி கேட்டவர்:
சரிங்க, காலையில் போய்ப் பார்த்தேன். வால் நுனி ஆடிக்கொண்டிருந்தது. நிழல் பட்டதும் சடக்கென்று உள்ளே போய்விட்டது. மாமாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தூண்டிலுக்கு ஆகுமா என்று கேட்கிறார்!