கொக்கோ மரம் பூத்துக் கொட்டுகிறது, காய் நிற்கவில்லை

மரத்தடி:
வணக்கம். சிங்கப்பூர் ஈசூன் சமூகத் தோட்டத்தில் விதை போட்டு வளர்த்த கொக்கோ, ஒற்றை மரம். வயது நாலு. தண்டெல்லாம் பூ, ஆனால் மறுநாளே உதிர்கிறது. எப்போதாவது சுண்டுவிரல் அளவுக்குப் பிஞ்சு வந்தாலும் மஞ்சளாகி, கறுத்து, தண்டிலேயே காய்ந்து நிற்கிறது. கோழி எரு மட்டும் போடுகிறோம். மரத்தடியைத் தினமும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறோம். குறை எங்கே?

மண்வெட்டி:
முதலில் பெருக்குவதை நிறுத்துங்க. கொக்கோப் பூவைத் தேனீ சீண்டாது. கொசுவை விடச் சின்னதான ஒரு ஈதான் மகரந்தம் சேர்க்கும். அது பெருகுவது ஈரமான மட்கிய சருகில். மூணு அங்குலத்துக்குச் சருகும் அழுகிய வாழைத்தண்டும் பரப்புங்க, அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. வாழைமட்டையைக் கவிழ்த்தே போடணும். மட்டைக் குழியில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வந்துவிடும். பக்கத்தில் கொசுப்புகை அடித்தால் இந்த ஈயும் சாகும், அதையும் கவனிங்க.

அதுவரைக்கும் கையால் சேர்க்கலாம். பூ விரிந்த அன்று காலையிலேயே செய்யணும். ஐந்து இதழுக்கும் அடியில் குட்டிக் குல்லா போல ஒரு மடிப்பு இருக்கும், மகரந்தப்பை அதற்குள் ஒளிந்திருக்கும். நடுவில் கருஞ்சிவப்பாக நிற்கும் ஐந்து குச்சிகளில் மகரந்தம் கிடையாது. அவற்றில் ரெண்டைக் கிள்ளினால் வெள்ளைச் சூல்தண்டு தெரியும். வேறு பூவிலிருந்து இடுக்கியால் மகரந்தப்பையை எடுத்து, சூல்தண்டின் நுனியில் நன்றாகத் தேயுங்க. மூணு நாள் கழித்தும் பூ நின்றால் பிடித்துவிட்டது.

பல கொக்கோ மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அக்கம்பக்கத்தில் வேறு கொக்கோ இல்லாமலே உங்களுக்குப் பிஞ்சு வருகிறது என்றால், உங்கள் மரம் ஏற்கும் வகை. அதே மரத்துப் பூவில் இருபதைச் செய்து பாருங்க. எல்லாமே உதிர்ந்தால் வேறு மரத்துப் பூவை அன்று காலையே பறித்து வரணும்.

தாழ்வாரம்:
பிஞ்சு கறுப்பதெல்லாம் நோய் இல்லை. தாங்க முடியாததை மரமே கைவிடும். அது சுருங்கிக் காய்ந்து உதிராமல் ஒட்டி நிற்கும். நீங்க சொல்வது அதுதான். பழுப்புப் புள்ளி விழுந்து, பரவி, காய் முழுக்கக் கறுத்து மேலே வெள்ளை மாவு பூத்தால் கருங்காய் அழுகல். மழை மாதங்களில்தான் அதிகம். அந்தக் காயைச் சருகில் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் எறிங்க.

கோழி எரு மட்டும் போதாது, காய்க்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) வேணும். 12-12-17 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) குருணை உரம் மூணு மாதத்துக்கு ஒரு தடவை 150 கிராம், கிளை விரிவுக்குக் கீழே வட்டமாகத் தூவி மண்ணைக் கிளறி விடுங்க. அடியிலிருந்து நேராகக் கிளம்பும் போத்துகளை விரல்நீளத்திலேயே ஒடிங்க. சத்தையெல்லாம் அதுதான் இழுக்கும்.

மரத்தடி:
நன்றி. வெள்ளை மாவு இல்லை. காய் நின்றுவிட்டால் பூச்சிக்கு என்ன செய்யணும்?

மண்வெட்டி:
மருந்து வேண்டாம், உறை போதும். காய் 8–10 செ.மீ. ஆனதும் நீளமான பாலித்தீன் பையை மாட்டி, காம்புப் பக்கம் ரப்பர் பேண்டால் இறுக்குங்க. கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கணும், இல்லாவிட்டால் ஈரம் தங்கி அழுகும். காய்த்துளைப்பான் அந்துப்பூச்சி காயின் மேல்தான் முட்டையிடும். புழு உள்ளே போய்விட்டால் விதைகள் ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. காய் முற்ற ஐந்து, ஆறு மாதம் ஆகும். பறிக்கும்போது திருகாதீங்க, கத்தரியால் காம்பை நறுக்குங்க. காம்பு ஒட்டியிருக்கும் அந்த முடிச்சிலேயேதான் அடுத்த பூவும் வரும்.